தேர்ப் படங்களுக்குக் கீழே

“அரசாங்க ரகசியமெல்லாம் கோயில் வெப்சைட்டிலதான் கிடக்குது, மச்சாள். தேர்ப் படங்களுக்குக் கீழ ஏத்தி வச்சிருக்கிறன்.”

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் போலும். லண்டன் ரயிலில் எனக்கு எதிரே இருந்த இளம்பெண் இதைச் சொன்னதும், அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்திருந்த மச்சாள் திடுக்கிட்டாள்.

“உனக்கென்ன விசரே? கோயில் சைட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னட்டைத் தந்தது இதுக்கே?”

“முதல் வெளியிட்ட சைட்டை முடக்கிப்போட்டினம். அதுதான் ஆளாளுக்குக் கொப்பி எடுத்து வைக்கிறம். எத்தினையை மூடுவினம், பாப்பம்.”

“களவாய் எடுத்ததெல்லே?”

“இந்த அரசாங்கம் வேற நாட்டில போய்ச் செய்த சண்டையில செத்த சனத்தின்ர கதை எப்பிடி ரகசியமாகும்? எங்கட ஊரில மறைச்சபோது ரோட்டில நிண்டு கத்தினனாங்கள். இங்க மறைச்சால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதே?”

“சரி, பொலிஸ் கோயிலுக்கு வந்தால் ஆர் பதில் சொல்லுறது? ஐயருக்கு இன்னும் விசா புதுப்பிச்சு வரேல்லை. அவரைக் கேட்டே செய்தனி?”

டஃப்னல் பார்க் நிலையம் வந்து போனது.

“ஐயரை நான் யோசிக்கேல்லை.”

“அப்ப அழிப்பியே?”

“கோயிலில இருந்து எடுக்கிறன். இண்டைக்கே என்ர சொந்தச் சைட்டில, என்ர முழுப்பேரோட போடுறன். வாறவை என்ர கதவைத் தட்டட்டும்.”

ஆர்ச்வேயில் கதவு திறந்தது. மச்சாள் தட்டோடு எழுந்தாள்.

“உன்ர நட்சத்திரம் என்ன? அர்ச்சனையை உன்ர பேரிலயே செய்விப்பம்.”