அரை நிமிட வெளிச்சம்

என் காரில் எனக்குப் பிடித்ததே அந்த உள்விளக்குதான், தம்பி. இன்ஜினை அணைத்த பிறகும் அரை நிமிடம் எரியும். கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக இறங்கலாம்.

நீங்கள் தெற்கிலிருந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். விரிகுடா எப்போது உறையும் என்று பனிக்கரடிகள் கரையில் காத்துக் கிடக்கும் நவம்பரில், இங்கே யாரும் காரைப் பூட்டுவதில்லை. கரடி துரத்தினால் எவன் காரிலும் ஏறி உயிர் பிழைக்கலாம். நல்ல வழக்கம். நானும் முப்பது வருடமாகப் பூட்டியதில்லை.

பக்கத்து வீட்டு வெண்டல் அந்த வழக்கத்தை என்ன பாடு படுத்தினான் தெரியுமா? மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்க என் காரில் வந்து உட்காருவான். லைட்டரைத் தேடுவதற்குக் கூரையிலுள்ள பொத்தானைத் தள்ளி விளக்கைப் போடுவான். அப்படிப் போட்டால் அது தானாக அணையாது. அவன் பாட்டுக்கு இறங்கிப் போய்விடுவான். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். விடுதிச் சலவைக்கூடத்து வேலைக்கு அந்தக் குளிரில் நான் நடந்து போவேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா? வயிறு எரியாதா?

அணைத்துவிட்டுப் போடா என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன். போன வாரம் மளிகைக் கடையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதற்கு அவன் கொடுத்த பதில் ஊருக்கே தெரியும்.

"ஒரு லைட்டுக்கா இம்புட்டு ஒப்பாரி? டெல்பர்ட் அண்ணன் செத்தப்பகூட நீ இப்படி அழலியேக்கா."

டெல்பர்ட் என் கணவர். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கல்லாவில் நின்ற பெண்ணும் சிரித்தாள். எடுத்த ரொட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை தேவாலயத்தைப் பெருக்குவது என் முறை. கரையோரம், பக்கத்தில் வீடு வாசல் கிடையாது. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இன்ஜினை அணைத்தேன். உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வெண்டல் ஓடி வந்தான்.

கரடிக்குப் பயந்து பூட்டினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. ஓடி வருவது அவன்தான் என்று தெரிந்த பிறகே பூட்டினேன். அவன் கைப்பிடியை இழுத்தபோது, துரத்தி வந்த கரடி இன்னும் தூரத்துப் பாறைகள் பக்கம்தான் இருந்தது. கதவைத் திறந்து, அவனை ஏற்றி, நாலு வார்த்தை திட்டியும் முடித்திருக்கலாம்.

"அக்கா, கதவு. கதவத் தொறக்கா."

டெல்பர்ட்டைப் பற்றிப் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேள் என்றேன். கண்ணாடி மூடியிருந்தாலும் காதில் விழுந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் என் முகமும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை, தம்பி. அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கதவு, கதவு என்றே அடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்திலும் என்ன திமிர் பாருங்கள்.

பிறகு விளக்கு அணைந்தது. அப்புறம்தான் எனக்கு வெளியே தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் நின்றது.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. சத்தம் நின்றதும் பூட்டை எடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்துதான் இருந்தது, அவன்தான் வந்து ஏறவில்லை.