அக்காவுக்காகப் பேசியவள்

உட்காரச் சொல்கிறீர்கள், டாக்டர். நின்றுகொண்டே சொல்கிறேன். இரண்டு நாளாக ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இங்கே கிளம்புவதற்குள் வீட்டை மூன்று தடவை பெருக்கிவிட்டேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவாள். பள்ளிக்கூட டீச்சர், வாய் ஓயாது. யாராவது என்னிடம் காபி வேண்டுமா என்றால், "அவ குடிக்க மாட்டா" என்பாள். எனக்குக் காபி பிடிக்கும். ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். "அவளுக்குக் கல்யாணத்துல நாட்டமில்லீங்க" என்று கூடத்தில் அக்கா சொன்னது சமையலறையில் கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம்தான் என்று எழுதிவிடாதீர்கள். அக்கா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாள்.

நோய் அவள் நாக்கில் தொடங்கியது. தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் என்று நீங்கள்தான் பொறுமையாக விளக்கினீர்கள். ஒரு வருஷத்தில் பேச்சு குழறி, வெறும் முனகலாகிவிட்டது. கைகளும் விழுந்துவிட்டன. அந்த முனகலுக்கு அர்த்தம் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

உங்கள் குழுவை நான் குறை சொல்லமாட்டேன். நோயாளியை அறை அறையாக அலைய விடக்கூடாது என்று மாதம் ஒருநாள் எல்லாரும் ஒரே அறைக்கு வந்துவிடுவீர்கள். நீங்கள், மூச்சைப் பார்க்கும் நர்ஸ், உணவு ஆலோசகர், உடற்பயிற்சிக்காரர், பேச்சுப் பயிற்சி அம்மா. அவளிடம் கேள்வி கேட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் பேசட்டும் என்று ஐந்து பேர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"எடை இறங்கிக்கிட்டே போகுது, டீச்சர்," என்றார் ஆலோசகர். "வயித்துல சின்னதா ஒரு குழாய் வச்சுட்டா புரையேறாம சாப்பாடு போகும். மூச்சு நல்லா இருக்கும்போதே வச்சிடணும். சம்மதமா?"

அக்கா முனகினாள்.

"வேண்டாமாம்," என்றேன்.

வாய்தவறி வந்ததுதான். அக்கா என் பக்கம் திரும்ப முயன்றாள். தலை சாயாமலிருக்க மாட்டியிருந்த கழுத்துப் பட்டை விடவில்லை.

அடுத்த மாதமும் கேட்டீர்கள். அப்போது வாய் தவறவில்லை. "கத்தின்னாலே பயப்படறா," என்றேன். மூச்சுக்கு முகமூடி கொடுத்தார் நர்ஸ். "மூஞ்சியில எதுவும் மாட்டக் கூடாதாம்." அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்லச் சொன்னார்கள். அழுகையில் இமை பிரியவில்லை. "இந்த நோய்ல காரணமில்லாம அழுகை வரும்னு நீங்கதானே சொன்னீங்க," என்று நினைவுபடுத்தினேன். நர்ஸ் தலையாட்டினார்.

பயிற்சி அம்மா எழுத்துப் பலகை ஒன்று தந்தார். நோயாளி எந்த எழுத்தைக் கண்ணால் பார்க்கிறாரோ, எதிரே இருப்பவர் அதைப் படித்துச் சொல் சேர்க்கவேண்டும். அதை அலமாரி மேல் வைத்தேன். மாதாமாதம், "கண்ணு வலிக்குதாம்," என்றேன்.

வீட்டில் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு வாய்கூட அவசரப்படுத்தியதில்லை. புரையேறினால் முதுகைத் தடவிக் கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். யாராவது வந்துவிடுவார்கள் என்று ஒரு குடைச்சல்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் பயிற்சி அம்மா வந்தார், கையில் வேறொரு பலகையோடு. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "குழாய் வேணும்னு சொன்னேன்." இதைச் சொல்லி முடிக்க அக்காவுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கே நீங்கள் மூச்சை அளந்து பார்த்தீர்கள். இனி அறுவை சிகிச்சை தாங்காது என்றீர்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டீர்கள். அதற்குள் புரையேறிய சோறு நுரையீரலைக் கெடுத்திருந்தது. முந்தாநாள் போய்விட்டாள்.

உங்களுக்குப் பெரிய மனசு. 'தங்கைக்கு நோயாளியின் பேச்சு சரியாக விளங்கவில்லை' என்று கோப்பில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், டாக்டர். அதில் எனக்குச் சம்மதமில்லை.

அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.