ஸ்டீல் வலையின் ஒரு மூலை

"என் தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவரு அவள எங்க பாத்தாரு? எங்க வூட்டு ஜன்னலத்தான் பாத்துகினு இருந்தாரு" என்றாள் எனக்கு முன் சீட்டுக்காரி. நெய்வேலி பஸ்ஸில் அவளும் அவள் தோழியும் காடாம்புலியூரில் ஏறியிருந்தார்கள்.

"ஜன்னல்ல இன்னாடி இருக்குது?"

"கொசுவலை துருப்பிடிச்சி ஓட்டையா கெடக்குது. பலா பழுக்கற நேரம், வூடு பூரா ஈ. அவருக்கு ப்ளான்ட்ல தண்ணி வடிகட்டுற ஸ்டீல் வலைய மாத்துற காண்ட்ராக்ட் வேலை. கண்ணு அங்கதான போவும்?"

"அப்பறம்?"

"பதில் சொல்லாமலே போயிட்டாங்க. ஞாயித்துக்கிழம பாத்தா, வடலூர் கடையில ஸ்டீல் வலை வாங்கிகினு வந்து நிக்கறாரு. எல்லா ஜன்னலுக்கும் அவரே ஸ்க்ரூ போட்டு முடுக்கினாரு. நெருக்கமா நெய்த கம்பி, துரு ஏறாது, ஆயுசுக்கும் கை வெக்க வேணாம்னாரு. மோர் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

"கல்யாணத்த பத்தி?"

"வாயே தொறக்கல. இவளும் தொறக்கல. நேத்து பாக்கறேன், முன் ஜன்னல்ல வலை ஒரு மூலை பிரிஞ்சி தொங்குது."

"புது வலை எப்பிடி தானா பிரியும்?"

"ஸ்க்ரூ ட்ரைவர் அவ தலகாணிக்கு அடியில இருக்குது."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது, போகட்டும்.

"சரி, அவருக்கு போன் பண்ணிட்டியா?"

"எனக்கு முன்னாடி அவளே பண்ணிட்டா. இன்னிக்கி ஷிப்ட் முடிச்சிட்டு வராராம். ஒரு ஸ்க்ரூ முடுக்க அவங்க அம்மா எதுக்குன்னு தெரியல, அவங்களையும் கூட்டிகினு வராராம்."