ஷட்டர் இல்லாத லென்ஸும் விஜயகலாவின் முகூர்த்தமும்

தெஹியோவிட்டையில் மழைக்காலம் வந்தால் எதுவுமே காய்வதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. என் ஷட்டர் தொல்லையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் ஸ்டூடியோவில் இருப்பது துரைமார் காலத்துப் பெட்டிக் கேமரா. வீடியோ வந்துவிட்ட இந்தத் தொண்ணூற்றாறிலும், பெரிய குடும்பப் படம் என்றால் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் என்னிடம்தான் வருவார்கள். அதன் பித்தளை லென்ஸில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, மனதுக்குள் இரண்டு எண்ணி, மறுபடி மூட வேண்டும். அதற்குள் யாராவது தலையைத் திருப்பினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கும்.

முன்னால் மாட்டும் துணித்திரை ஷட்டர் ஒன்று வாங்கினேன். துணியில் பூஞ்சணம் பிடித்து, திரை பாதி வழியில் நின்றுகொண்டது. பிறகு சின்னக் கேமரா ஒன்றின் ஷட்டரைக் கழற்றி லென்ஸுக்குப் பின்னால் பொருத்தினேன். அதன் துவாரம் சிறியது. ஓரத்தில் நின்ற மாமன்மாரெல்லாம் இருட்டில் போய்விட்டார்கள். மாமன் இல்லாத கல்யாணப் படத்தை ஒரு வீட்டில் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே ஷட்டரை மாற்றுவதை விட்டு ஆட்களை மாற்றலாம் என்று யோசித்தேன். எனக்குத் தூக்கம் வராததற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை வீட்டில் கிடந்தது. வருகிறவர்களுக்கு எப்படியும் பிளேன்டீ கொடுப்பேன். அதில் துளி பொடி சேர்த்தேன். படங்கள் அற்புதமாக வந்தன.

அழகமுத்துக் கங்காணி மகள் விஜயகலாவின் கல்யாணத்தில் கூட்டம் பெரிது. அங்கேயும் டீ ஊற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, பொடியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். தாலி கட்டியதும் எல்லோரும் பந்திக்கு ஓடிவிடுவார்கள் என்று, படத்தை முகூர்த்தத்துக்கு முன்பே வைத்துக்கொண்டேன். ஐயர் இரண்டு கோப்பை குடித்தார். அது அவர் இஷ்டம்.

நான் மூடியில் கை வைத்தபோது மாப்பிள்ளை மாமனார் தோளில் சாய்ந்துவிட்டார். மேளக்காரர் மேளத்தைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார். உதட்டுச் சாயம் போய்விடும் என்று டீயைத் தொடாத விஜயகலா மட்டும் மாப்பிள்ளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முகூர்த்தம் தாண்டப் போகுதுங்க. வந்து எழுப்பிவிடுங்க."

"அசையாதம்மா," என்றேன்.

முகூர்த்தம் தாண்டியது. சாயந்தரம் கண்விழித்த மாப்பிள்ளை வீட்டார், சகுனம் சரியில்லை என்று தங்கள் ஊரான கலவானைக்கே வேன் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் அழுததைப் பார்த்து எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. படத்தில் எல்லோரும் அவ்வளவு தெளிவு, அவள் மட்டும் புகை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. லென்ஸுக்கு அளவான பெரிய ஷட்டர் போன வருடமே கிடைத்தது. அவிசாவளை லேத் பட்டறை முக்தார் நானா வளையம் கடைந்து மாட்டியும் தந்தார். கச்சிதமாக வேலை செய்தது. யாரும் அசையாமல் நிற்கத் தேவையில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். தோட்டத்தையே அதட்டி வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளை, நான் படம் எடுக்கும்போதே டீக்குச் சீனி கேட்டார். அன்றே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாத்திரையில் கை வைத்தது அதற்குப் பிறகுதான்.

நீங்களே சொல்லுங்கள், ஐயா. இந்தத் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது என் ஒருவன் சொல்லுக்குத்தான். அதைப் போய் ஒரு ஸ்பிரிங்கிடம் எப்படி ஒப்படைப்பது?