அடுத்தவர் சாமான்

ஹூஸ்டனில் ஓர் இந்திய மளிகைக் கடையில் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான தமிழ்த் தம்பதி. குளிர்காலத்தைக் கழிக்க டொரண்டோவிலிருந்து ஆர்வி என்கிற வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்ஸிகோ போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ராத்திரி வண்டி போட்ட கேம்ப்கிரவுண்ட்ல பாத்த அந்த ஆளோட ஆர்வி நம்மளோடதைவிட எவ்ளோ பெருசு! அதுல ஒரு கூலர் பெட்டி வைக்க எடமில்லையாமா? மெக்ஸிகோவுல வாங்கிக்கறேன்னு அதை நம்மகிட்ட ஏன் குடுக்கணும்?" என்றார் மனைவி.

"கேம்ப்கிரவுண்ட்ல எவ்ளோ ஹெல்ப் பண்ணார் மனுஷன்! மெக்ஸிகோ இன்ஷூரன்ஸ் தனியா வாங்கணும், இருட்டினப்புறம் டிரைவ் பண்ணக் கூடாது, எல்லாம் அவர்தானே சொன்னார்?" என்றார் கணவர்.

"அடுத்தவங்க சாமானை பார்டர்ல கொண்டு போகக் கூடாதுன்னு மட்டும் ஏன் சொல்லல? அதைத் திறந்து பாக்காம நான் வரமாட்டேன்."

கணவர் சலிப்புடன் அந்த மனிதருக்கு போன் போட்டு, கூலரைத் திறந்து பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"என்ன சொல்றார்?"

"திறக்க வேணாமாம். வெளிய நம்ம வண்டிகிட்டதான் நிக்கிறாராம். சாவியோட வரச் சொல்றார்."

"இந்தக் கடைக்கு வர்றோம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லையே."

அந்த அம்மாள் கணவர் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பில் போடும் பெண்ணிடம் போலீஸுக்கு போன் பண்ணச் சொன்னார்.