எழும்பாத கோடு

– …அதைத் தொடாதே. கையை எடு.

– சும்மா பார்த்தேன்கா. என் ரத்தம்தானே.

– உன் ரத்தம்தான். லேபுக்கு வந்துட்டா என் பொறுப்பு. அந்த ஸ்டூல்ல உக்காரு.

– காலையிலேயே ஒரு தடவை மெஷின்ல ஓட்டினியே. திரும்ப எதுக்கு?

– அதுல ஒண்ணும் தெரியல. நீ போடற ரெண்டு மாத்திரையும் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு இந்த மெஷின் எடை பார்த்துச் சொல்லணும். மருந்து இருந்தா திரையில கோடு எழும்பணும்; ரெண்டு கோடும் தரையோட தரையா கிடக்கு.

– மெஷின் மக்கர் பண்ணுதோ என்னவோ…

– மெஷின் மேல பழி போடாதே. ரத்தத்துல புரதம், கொழுப்பு, உப்புன்னு என்னென்னமோ கிடக்கு. சந்தை இரைச்சல்ல நம்ம ஆள் குரல் மட்டும் தனியா கேக்குமா? அதான் மத்ததையெல்லாம் வெளியேத்திட்டு…

– எப்படி? கழுத்தைப் பிடிச்சா?

– சிரிக்காதே. புரதத்தைத் திரிய வச்சு, சுழல விட்டு, அடியில தள்ளியாச்சு. தெளிஞ்சதை இந்தச் சின்னக் குழாய்ல விட்டா மருந்து மட்டும் உள்ளே ஒட்டிக்கும். மிச்சத்தைக் கழுவிடுவேன். அப்புறம் மருந்தை இறக்கி, காய வச்சு, துளியூண்டுல மறுபடி கரைச்சா சரி.

– எனக்காக இவ்வளவு பாடா…

– உனக்குக் கிட்னியே குடுத்தவளுக்கு இது ஒரு பாடா?

– அதைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை…

– சரி, சொல்லல. அதை உடம்பு ஒதுக்கிடாம காக்கற மாத்திரையை ஒழுங்கா போடறே இல்ல?

– போடறேன்கா.

– ரெண்டும்?

– …ம்.

– ஓட விடறேன். திரையைப் பாரு.

– அக்கா… ஒண்ணு மேல வருது.

– வந்துடுச்சு. எப்படி ஓங்கி நிக்குது பாரு. காலையில இது கண்ணுலயே படல.

– அப்ப எல்லாம் சரிதானே?

– பொறு. இன்னொண்ணு வரணும்…

– லேட்டாகுமோ?

– அது வர வேண்டிய இடம் தாண்டிடுச்சு.

– இன்னொரு தடவை கழுவிப் பாரேன்…

– எதைக் கழுவ? இருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த மாத்திரை உன் ரத்தத்துல இல்லடி. ஏன் நிறுத்தினே? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. உனக்குள்ள இருக்கற கிட்னி என் உடம்புலேருந்து எடுத்து வச்சது. கேக்க எனக்கு…

– வயித்துல ஒண்ணு இருக்குக்கா. அந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாது. டாக்டர்கிட்ட சொன்னா பிள்ளை வேணாம்பாரோன்னு பயம். உன்கிட்ட சொன்னா… நீ குடுத்ததைப் பணயம் வைக்கறேன்னு நினைப்பியோன்னு…

– அழாதே. எழுந்திரு. பிள்ளைக்கு ஆகற மாத்திரை வேற இருக்கு, இப்பவே டாக்டர்கிட்ட போலாம். கிட்னி சோர ஆரம்பிச்சிருக்குன்னு அவர் போன வாரமே சொல்லிட்டார்… நீ பயந்துடுவேன்னு நான்தான் உன்கிட்ட மறைச்சுட்டேன்.