நாற்பத்து மூன்று கூடுகள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் எழுதுகிற தாள் படபடக்கிறது. மார்கழிக் குளிரில் எனக்கும் தலைக்கு நேரே காற்று ஆகாது.

என் பெயர் சந்திரகலா. வயது ஐம்பத்து நான்கு. முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறேன். ஆற்று முகத்துவாரத்து அலையாத்திக் காட்டையும் அங்கு வரும் பறவைகளையும் காப்பாற்றுகிற ஒரு சிறிய அமைப்பில் பதினேழு வருடமாக வேலை. நாங்கள் மொத்தம் நான்கு பேர். எழிலரசன் இயக்குநர். கொளஞ்சி படகோட்டி, வீராம்பட்டினத்துக்காரர். நான் கணக்கெடுப்பு. நான்காவது ஆள் மேனகா. இரண்டு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தாள். விலங்கியல் படித்தவள், சேதராப்பட்டுப் பெண். நல்ல பெண். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருக்கிறது. கால் ஏக்கர்கூட வராது. அலையாத்தி மரங்கள் நெருக்கமாக நிற்கும். மழை முடிகிற சமயத்தில் வக்காக்கள் அங்கே கூடு கட்டும். வக்கா என்பது கொக்கு இனம். உருண்டையாக, சிவந்த கண்ணோடு இருக்கும். பயந்த பறவை. ஒருமுறை நன்றாக மிரண்டால் முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும், காக்கை வந்து குடித்துவிடும். அதனால் கூடு கட்டும் மாதங்களில் மனிதர் யாரும் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எழுதியது நான். கரையில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. அங்கிருந்து பைனாகுலரில்தான் பார்க்க வேண்டும். இந்த வருடம் நாற்பத்து மூன்று கூடுகள்.

கார்த்திகை கடைசியில் எழிலரசன் என்னைக் கூப்பிட்டார். "இனிமே கணக்கெடுப்ப மேனகா பாத்துக்கட்டும். நீங்க ஆபீசப் பாருங்க. குஞ்சுக்கு வளையம் மாட்டணும்னு கேக்கறா, நானும் சரின்னுட்டேன்" என்றார். குஞ்சின் காலில் எண் போட்ட வளையம் மாட்டினால் அது பின்னால் எங்கே போகிறது என்று தெரியுமாம். அப்படியானால் திட்டில் இறங்க வேண்டும். விதி இருக்கிறதே என்று கேட்டேன். "விதி நாம போட்டதுதானேம்மா" என்று சிரித்தார். மேனகா அன்று மாலையே என் நோட்டுகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத் திருப்பிக் குடுத்துடறேங்க்கா" என்றாள். திருப்பிக் கொடுத்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குப் பொறாமை என்று எழிலரசன் உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்கு அந்தக் குணம் கிடையாது.

சென்ற வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொளஞ்சி அவளைத் திட்டில் இறக்கிவிட்டார். எந்தெந்தக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்று குறித்து வரப் போனாள். பதினொன்றரைக்குத் திரும்ப அழைத்துவர ஏற்பாடு. நான் கோபுரத்தில் இருந்தேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, வழக்கம்போல் வந்திருந்தேன்.

அவள் மரங்களுக்கிடையில் மெதுவாக, குனிந்து நடந்தாள். ஒரு பறவைகூட எழவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் எழும். விதி வருவதற்கு முன் பல தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எழுந்தன. இது ஒரு தகவல், அவ்வளவுதான்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பொதுப்பணித்துறை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் நான்கு பேரில் அந்தக் குழுவில் இருப்பது நான் மட்டும்தான். மேலே அணையைத் திறந்திருக்கிறார்கள், பகல் பன்னிரண்டு மணிக்குள் முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும், ஆற்றோரம் யாரும் போக வேண்டாம் என்று. இரண்டு தடவை படித்தேன். பத்து இருபத்தைந்துக்குக் கொளஞ்சியைக் கூப்பிட்டேன். மேனகா வேலையை முடித்துவிட்டாள், வலைக்காரர் படகில் கரைக்கு வந்து என்னோடுதான் இருக்கிறாள், நீங்கள் வர வேண்டாம் என்றேன். "செரிக்கா, அப்ப நான் மவ ஊட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவரை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மேனகாவுக்கு நீச்சல் தெரியாது. அவள் வேலையில் சேர்ந்தபோது அதையெல்லாம் கேட்கிற படிவத்தை நிரப்பியது நான்தான்.

பதினொன்று நாற்பதுக்கு முதல் தடவை கூப்பிட்டாள்.

"அக்கா, தண்ணி ஏறுது. முட்டி வரைக்கும் வந்துடுச்சு. கொளஞ்சி அண்ணனக் காணும். நான் ஃபோன் போடட்டா?"

"நான் பேசிட்டேன்மா. கெளம்பிட்டாரு. நீ சார்ஜ வீணாக்காத" என்றேன்.

அடுத்த அழைப்பு பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. எதிர்க்கரையில் வலை போடுகிறவர்கள் தெரிகிறார்கள், கத்திக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கத்தினால் மொத்தக் கூட்டமும் பறந்துவிடும், இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள் என்றேன். "ஆமாங்க்கா, அதும் சரிதான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தணிந்த குரலில்தான்.

மூன்றாவது அழைப்பில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்திருந்தது.

"அக்கா, மரத்துல ஏறிக்கவா?"

"எந்த மரத்துல? எல்லாத்துலயும் கூடு இருக்கே, மேனகா."

அவள் தலையைத் தூக்கி மேலே பார்ப்பது எனக்கு பைனாகுலரில் தெரிந்தது. "இதுல மூணு குஞ்சு இருக்குக்கா" என்றாள். "படகு கிட்ட வந்துடுச்சு" என்றேன். சரி என்று ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தாள். அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கிளையில் கை வைக்கவே இல்லை. நான்காவது அழைப்பில் பேச்சு இல்லை, தண்ணீர்ச் சத்தம்தான். பைக்குள் தானாக அழுந்தி வந்திருக்கும். சிறிது நேரம் கழித்து ஆற்றின் இழுப்பு அதிகமானது. பன்னிரண்டு இருபதுக்கு அந்த மரத்தடியில் யாரும் இல்லை.

அதுவரை ஒரு பறவைகூட எழவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எழிலரசனுக்கு ஒரு மணிக்குச் சொன்னேன். நாற்பது நிமிடம் என்ன செய்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். கூடுகளை எண்ணினேன். நாற்பத்து மூன்றும் இருந்தன.

மறுநாள் காலையில் வீராம்பட்டினத்துப் பக்கம் அவள் உடல் ஒதுங்கியது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உடலை வாங்கக் காத்திருந்தபோது அவள் அம்மா கலைமகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை. நான் இட்லி வாங்கிக் கொடுத்து இரண்டு வாய் சாப்பிட வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்க கூடத்தான் பேசிட்டு இருந்தாளாமே. எம் பொண்ணு என்னாம்மா சொன்னா?" என்று கேட்டார்.

"பறவைங்களப் பத்தித்தான் கவலைப்பட்டா" என்றேன்.

அவர் அழுதார். என் தோளில் சாய்ந்துகொண்டார். நான் சொன்னது பொய்யில்லை, சார். அந்த அம்மாளிடம் போய் நான் எதற்குப் பொய் சொல்லப் போகிறேன்.

அவள் அங்கே மாட்டிக்கொண்டு பயந்தால் போதும், இனி இறங்க மாட்டாள் என்றுதான் நினைத்தீர்களா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். எனக்கு உதவி செய்கிற எண்ணத்தில் கேட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. செய்தி வந்தது பத்து பத்துக்கு, நான் கொளஞ்சியைக் கூப்பிட்டது பத்து இருபத்தைந்துக்கு. நடுவில் பதினைந்து நிமிடம் யோசித்தேன். அவள் இருந்தால் வளையம் மாட்டுவாள். அடுத்த வருடமும் இறங்குவாள், அதற்கடுத்த வருடமும். இல்லாவிட்டால் இறங்க மாட்டாள். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வருத்தமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவளைத் தேடுகிறோம் என்று வியாழன் மதியத்திலிருந்து மூன்று மோட்டார் படகுகள் திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. தலைக்கு மேலே டிரோன். ஆட்கள் கிளைகளை ஒடித்து உள்ளே போனார்கள். உடல் கிடைத்த பிறகும் அவள் பையைத் தேடி இன்னும் ஒரு நாள். கையைக் காட்டினேன், கெஞ்சினேன், யாரும் கேட்கவில்லை. பறவைகள் மொத்தமும் எழுந்து போய்விட்டன. சனிக்கிழமை காலை காக்கைகள் வந்தன. இப்போது அங்கே கூடு என்று ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்த வருட அறிக்கையை முடித்தேன். அதில் கூடுகள் அழிந்ததற்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'விதியை மீறித் திட்டில் நுழைந்தது: மேனகா' என்று எழுதியிருக்கிறேன். செத்துப்போன பெண்ணாயிற்றே என்று எழிலரசன் அதை எடுக்கச் சொல்வார். எடுக்க வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சார். நடந்ததை மாற்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை.